பல்லி சொன்னால் செல்லாது

பல்லிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அரசாங்கமே முடிவு கட்டிவிட்ட காலத்தில் நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் மேகம் ஓட்டும் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். பொய் சொன்னால் எனக்கு நாக்கு அரிக்கும். பவானிசாகருக்குப் போகவேண்டிய கார்மேகம் ஒன்று, வழியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பந்தி முடிகிறவரை நகரமாட்டேன் என்று அடம் பிடித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள். பல்லிக்கு வருகிறேன்.

சுவரில் ஒட்டிக்கொள்ளும் விரல் நீளக் கருவி அது. அரசாணையில் அதன் பெயர் 'பிணைப்பு அளவி'. வீட்டில் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சில் பாசம் இருந்தால் வால் நுனி பச்சையாக எரியும், இல்லையென்றால் சிவப்பு. ஒரு முடிவுக்கு வந்ததும் 'ச்சு ச்சு' என்று குரல் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஈரோட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? விரலால் தரையைத் தட்டி, "பல்லி சொல்லிருச்சு" என்றார்கள். அரசாங்கம் வைத்த பெயர் அன்றோடு செத்தது.

தத்துப் பிள்ளை வந்திருக்கும் வீட்டில்தான் பல்லியை ஒட்டுவார்கள். முன்பெல்லாம் மனிதர்கள் வந்து, பிள்ளை அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துப் போனார்கள். மனிதர்களுக்குக் காபி கொடுத்தால் மனசு இளகிவிடுகிறது. பல்லி காபி குடிக்காது. பிள்ளை ஒரு வருடம் அந்த வீட்டில் இருக்கும். கடைசியில் பல்லி பச்சை என்றால் நிரந்தர ஆணை, பிள்ளை அவர்கள் பிள்ளை. சிவப்பு என்றால் வெள்ளை வேன் வரும்.

என் பால்கனிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் காபி டம்ளர் கொடுத்து வாங்கக்கூடிய தூரத்தில், பூவிழியும் தீரனும் குடியிருந்தார்கள். தீரனுக்கு நூல் மில்லில் வேலை. அங்கே எந்திரங்கள் தூங்க மறுத்தால் தாலாட்டுப் பாடுவது அவன் பொறுப்பு. பூவிழி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். பிள்ளை இல்லை. தத்துக்கு எழுதிப் போட்டபோது எல்லோரும் கேட்பதுபோல் கைக்குழந்தை கேட்கவில்லை.

"பல்லு மொளைக்காத புள்ளைக்கு ஊரே வரிசையில நிக்குதுங்க பெரியப்பா," என்றாள் என்னிடம். "பல்லு விழுந்து மொளைச்ச புள்ளைங்கள யாரும் கேக்கறதில்ல. நாங்க கேட்டோம்."

அப்படி வந்தவள்தான் நறுமுகை. எட்டு வயது. ஏற்கெனவே இரண்டு வீடுகளில் இருந்துவிட்டுத் திரும்பியவள். தீரனுடைய சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, "பெரிய புள்ளயா இருக்கே, யாரு பெத்ததோ, ஒட்டுமா?" என்று அவள் எதிரிலேயே கேட்டுவிட்டு, பலகாரத்தையும் மிச்சம் வைக்காமல் போனார்கள்.

அவளோ தங்கம். "சாப்பிடறியா கண்ணு?" என்றால் "சரிங்கம்மா." "போதுமா?" என்றால் "போதுங்கம்மா, நெம்ப நன்றிங்க." கேட்காமலே தட்டைக் கழுவினாள். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "வணக்கமுங்க ஐயா" என்றாள். எனக்கு வாழ்நாளில் கிடைத்த மொத்த மரியாதையும் அவள் வந்த முதல் மாதத்திலேயே வந்து சேர்ந்தது. பல்லியின் வால் திருவிழா சீரியல் விளக்குபோல் இராப்பகல் பச்சையாகவே எரிந்தது.

ஆனால் அவள் செருப்பை வாசலில் விடமாட்டாள். கழற்றித் துடைத்து, தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். பூவிழி எடுத்து வாசலில் வைத்தால், காலையில் மறுபடி தலைமாட்டில் இருக்கும்.

"ஏன்டா சாமி இங்க?" என்று தீரன் கேட்டான்.

"திடீர்னு கெளம்பச் சொன்னா தேடக்கூடாதுங்களே, அதுக்குங்க," என்றாள் அவள், பணிவாக. பல்லி 'ச்சு ச்சு' என்றது. பச்சை.

மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் போனது. கோடை தொடங்கிய ஒரு மத்தியானம் எதிர்வீட்டில் தட்டு பறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு கூச்சல்:

"பீர்க்கங்கா சட்னி வேண்டாம்னு சொன்னேன்ல! போடி! உன்ற சட்னிய நீயே தின்னு!"

கொஞ்ச நேரத்தில் பூவிழி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். புடவையெல்லாம் சட்னி. கண்ணெல்லாம் தண்ணீர். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"பெரியப்பா! என்னைய 'போடி'ன்னுட்டா! 'நீ'ங்கறா! நான் எங்கம்மாவப் பேசுன மாதிரியே பேசறா!"

"அட, புண்ணியவதி," என்றேன். "உன் மூஞ்சியில எறிஞ்சாளா, சொவத்துலயா?"

"சொவத்துலதான்."

"அப்ப மரியாதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது. போயிரும், கவலைப்படாத."

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே எதிரே பார்த்தோம். பல்லியின் வால் சிவந்திருந்தது.

அதன்பிறகு அது பச்சைக்குத் திரும்பவே இல்லை. பிள்ளை நாளுக்கு நாள் பிள்ளையானாள். வீட்டுப்பாடத்துக்கு அழுதாள். தீரனை "நீ பாடறது கழுதை கத்தற மாதிரி இருக்குது" என்றாள். "உன்னோட டூ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி கழித்து அவளே கதவைத் திறந்து, "பசிக்குது, என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றாள். ஒவ்வொன்றுக்கும் பல்லி 'ச்சு ச்சு' என்றது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒருநாள் காலை செருப்பு தலைமாட்டிலிருந்து கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அதைப் பல்லி பார்க்கவில்லை. அதற்குக் காது மட்டும்தான்.

வருடம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து கோகிலவாணி வந்தார். பள்ளிக்கூட நேரம், பிள்ளை வீட்டில் இல்லை. நானும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்துகொண்டேன்.

"நெலம மோசமா இருக்குதுங்க," என்றார் அந்த அம்மாள். "இப்புடியே போனா சிவப்புதான்."

"மேடம், அவ இப்பத்தானுங்க எங்களோட பழகறா," என்றான் தீரன். "மொதல்ல ஒறம்பரை, விருந்தாளி வந்த மாதிரி இருந்தா. இப்பத்தான் சண்டை போடறா."

"எனக்குத் தெரியாதுங்களா? போன ரெண்டு வீட்லயும் இதே கதைதான். மொதல்ல பச்சை. புள்ளைக்குத் தைரியம் வந்து வாயத் தொறந்ததும் சிவப்பு. ஒடனே வேன்." அவர் சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது எப்புடிங்க கத்துக்கிச்சு தெரியுமா? மாதிரிக் குடும்பம்னு நெறைய வீட்டப் புடிச்சு, அவுங்க பேச்சப் பதிவு பண்ணி, 'இதுதான் பாசம்'னு இதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. பதிவாகுதுன்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். அப்புறம் எப்புடிப் பேசுவாங்க? கல்யாணமாகி நரைச்சுப்போன புருசனும் பொஞ்சாதியும் 'காபி சாப்படறீங்களா', 'ஆகட்டுங்க, நன்றிங்க'ன்னு பேசிருக்காங்க. புள்ளைங்க 'சரிங்கம்மா, சரிங்கப்பா'. பல்லி அதையே வேதமாப் புடிச்சுக்கிச்சு."

"அப்ப அதுக்கு விருந்தாளிப் பேச்சுதான் பாசம்," என்றேன்.

அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்தவர் குரலே மாறிவிட்டது.

"ஏம்மா, உனக்கு எத்தன தடவ சொல்லித் தொலைக்கறது? மாத்திரை அந்த மஞ்ச டப்பாவுலதான் இருக்குது. நான் வந்து வாயில போடோணுமா? தின்னியா இல்லியா மொதல்ல? ரசம் ஊத்தித் தின்னு. வைய்யி போன!"

ச்சு ச்சு. சுவரில் இதுவரை பார்த்திராத கடுஞ்சிவப்பு. கோகிலவாணியின் விரல் பழக்கத்தில் தரையைத் தட்டப் போய், பாதியில் நின்றது.

"எனக்கும் எங்கம்மாளுக்கும் ஒட்டே இல்லைங்குது," என்றார் மெதுவாக.

"மேலிடத்துல சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னேனுங்க. பல்லி மேல வர்ற புகார விசாரிக்க இன்னொரு பல்லி வெச்சிருக்காங்க."

பூவிழி கேட்டாள்: "சிவப்புன்னா எங்க கொண்டுபோவீங்க?"

அவர் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவ திரும்புன புள்ளை. மூணாவதும் திரும்பினா 'ஒட்டாத குழந்தை'ன்னு பேரு எழுதிருவாங்க. அப்புறம் எந்த வீட்டுக்கும் காட்டமாட்டாங்க. பெரியவளாகற வரைக்கும் விடுதிதான். அதுக்கப்புறம் ஒரு பையக் குடுத்து வெளிய வுட்டுருவாங்க. தீவாளிக்குப் போக ஒரு வீடு இருக்காதுங்க அவளுக்கு. கண்ணாலம்னா பத்திரிக்கை வெக்க ஆளு இருக்காது."

அவர் போனபிறகு மூன்று பேரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். யோசனை சொன்னது நான்தான். யோசனை சொல்வதில் நான் என்றும் பின்வாங்கியதில்லை.

"நாடகம்தானே? இந்தச் சில நாளைக்கு மட்டும் பழையபடி 'ங்க' போட்டுப் பேசட்டும். பச்சை வந்துரும். அப்புறம் கிழிகிழின்னு கிழிக்கட்டும்."

அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்துச் சொன்னார்கள். என் பால்கனியிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"கண்ணு, சித்த நாளைக்கு நீ மொதல்ல பேசுன மாதிரியே பேசோணும். மரியாதையா. இந்தப் பல்லிக்காக."

"எதுக்கு?"

"பேசாட்டி வேன் வந்துரும் சாமி," என்றான் தீரன்.

நறுமுகை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "வந்தா, என்னையத் தாட்டிவுட்டுருவியா?"

தாட்டிவிடுவது என்றால் அனுப்பிவைப்பது. எங்கள் பக்கத்துப் பேச்சு. மாட்டையும் தாட்டிவிடுவோம், மாப்பிள்ளையையும் தாட்டிவிடுவோம்.

"மாட்டோம்" என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். பூவிழி வாயைத் திறந்தாள். வேன்காரர்கள், ஆணை, போலீஸ், விடுதி, எல்லாம் அவள் முகத்தில் ஓடியது. தீரன் அவளைப் பார்த்தான், அவள் தீரனைப் பார்த்தாள். இரண்டு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும்.

நறுமுகை எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பை எடுத்தாள். துடைத்தாள். தலைமாட்டில் வைத்தாள்.

"சரிங்கம்மா," என்றாள்.

ச்சு ச்சு. பச்சை.

கடைசி நாளில் கோகிலவாணி வந்தபோது பல்லி மரகதம்போல் எரிந்துகொண்டிருந்தது. "தண்ணி சாப்படறீங்களாங்க?" என்று பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். நிரந்தர ஆணை அங்கேயே வந்துவிட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இங்க பாரு சாமி. இனி நீ இவுங்க மக. பல்லி இன்னும் ஒரு வருசம் இங்கயே இருக்கும், சும்மா கணக்குக்கு. ஆனா இனிமே அது என்ன சொன்னாலும் செல்லாது. செவப்புன்னாலும் வேன் வராது. புரியுதா?"

"புரியுதுங்க மேடம். நெம்ப நன்றிங்க." கையில் செருப்பு இருந்தது.

மறுநாள் பீர்க்கங்காய்ச் சட்னி. பூவிழி வேண்டுமென்றேதான் அரைத்தாள். பிள்ளை முழுவதும் சாப்பிட்டாள். "நல்லாருக்குங்கம்மா" என்றாள்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அடுத்த மாதமும். தீரன் வேண்டுமென்றே கழுதைபோல் பாடினான், "அருமைங்கப்பா" என்றாள். கதவைச் சாத்தவில்லை. அழவில்லை. பசிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போட்டதைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பச்சை விளக்கு அந்த வீட்டையே பாசி பிடித்த கிணறுபோல் ஆக்கிவிட்டது.

ஒருநாள் பூவிழி அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சியதைக் கேட்டேன். "கண்ணு, ஒரே ஒரு தடவ என்னையத் திட்டிரு. உன்னையக் கையெடுத்துக் கும்புடறேன்."

"சரிங்கம்மா," என்றாள் பிள்ளை. "என்னன்னு திட்டணுங்க?"

அன்று பூவிழி என் வீட்டுச் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "புள்ளைய ஜெயிச்சுட்டோம் பெரியப்பா. புள்ளையத்தான் காணோம்." முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ கேட்டப்ப நாங்க யோசிச்சோம்," என்றாள். "யோசிச்சத அவ பாத்துட்டா."

என் கைவசம் இருந்த பொய் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

இதற்குச் சில நாள் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம். பூவிழி இன்னும் வரவில்லை, தீரன் மில்லில். நறுமுகை நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பல்லிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். கிசுகிசுத்தாள்.

"போடி."

ச்சு ச்சு. சிவப்பு.

குதித்து இறங்கினாள். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி வந்து தெருவைப் பார்த்தாள். இருட்டும்வரை பார்த்தாள். வேன் வரவில்லை.

மறுநாள் "லூசு". அடுத்த நாள் "நீயெல்லாம் ஒரு ஆளா". ஒவ்வொரு நாளும் குரல் கொஞ்சம் ஏறியது; ஒவ்வொரு நாளும் பால்கனி, தெரு, செருப்பு. செல்லாது என்று சொன்னார்களே, செல்லாதா என்று அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் சொல்வதை எதற்காக நம்ப வேண்டும்? அவள் மூன்று வீடு பார்த்தவள்.

நான் பூவிழியிடம் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், சோதனை கெட்டுவிடும். வாழ்க்கையில் நான் வெளியே விடாமல் வைத்திருந்த ஒரே உண்மை அதுதான். பொய்யை நான் எப்போதும் அடக்கியதில்லை.

ஒருநாள் அவள், "போடி எருமை!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத் திரும்பினாள். தெருவில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது.

அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். கதவுப் பக்கம் திரும்பி, கையைக் கட்டி நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி நிற்கக் கூடாது.

கீழே வேன் ஒலிபெருக்கி கரகரத்தது: "பன்னு, ரொட்டி, தேங்கா பன்னேய்..."

வேன் போய்விட்டது. நறுமுகை கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. குளியலறையில் பூவிழி அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை அலசிக்கொண்டிருந்தாள். சீயக்காய் கண்ணில் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

"கண்ணு எரியுதுடி! உனக்கு அறிவிருக்குதா? நீயெல்லாம் ஒரு அம்மாவா!"

அடுக்ககமே அதிர்ந்தது. ஈரத்தலையோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். சுவரில் பல்லி தன் கடமையைச் செய்தது: ச்சு ச்சு. நறுமுகை தலைமாட்டிலிருந்த செருப்பில் ஒன்றை எடுத்தாள்.

"நீ சும்மா இரு! எங்கம்மாவ நான் திட்டுவேன்!"

செருப்பு பறந்தது. பல்லிமேல் பட்டுத் தெறித்து, பால்கனி தாண்டி, என் கறிவேப்பிலைத் தொட்டியில் வந்து விழுந்தது.

கையெல்லாம் சீயக்காயோடு பூவிழி குளியலறை வாசலில் நின்றாள். பிள்ளை தெருவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். உதடு 'சரிங்க' என்று குவியத் தொடங்கியது.

இந்தத் தடவை பூவிழி யோசிக்கவில்லை.

"நீதாண்டி அறிவு கெட்டவ! ஈரத் தலையோட நிக்கற, சளி புடிச்சா உங்கப்பனா பாப்பான்? வாடி இங்க!"

"வரமாட்டேன் போடி!"

"வந்தன்னா பாரு!"

கட்டிலைச் சுற்றி இருவரும் ஓடினார்கள். மூன்றாவது சுற்றில் பிள்ளை பிடிபட்டாள். பிடிபட்டவள் விடவே இல்லை. பல்லியின் வால் சிவந்த சிவப்பில் எங்கள் தெருவில் போக்குவரத்து நின்றுவிட்டது. பச்சை விழும் என்று ஒரு லாரிக்காரர் சாயங்காலம்வரை காத்திருந்தார். நம்பாவிட்டால் போங்கள்.

மறுநாள் என் கதவு தட்டப்பட்டது. நறுமுகை வெறுங்காலோடு நின்றாள்.

"அப்பாரு, என்ற செருப்பு இங்க வுழுந்துச்சு. எடு."

என் காதுக்குள் தேன் ஊற்றியதுபோல் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாரு என்றால் தாத்தா. அதுவும் 'எடு' என்றாளே! மரியாதை மொத்தமும் போய்விட்டது.

"செருப்பா? நேத்து இந்தப் பக்கம் ஒரு மேகம் வந்துச்சு கண்ணு. பாவம், ஒத்தக் கால்ல செருப்பில்ல. அதுதான் போட்டுட்டுப் போயிருக்கோணும்."

"பொய்யி. நீ ஒரு பொய்க்காரக் கெழவன்."

"ஆமாங்க," என்றேன்.

அவள் என் வீடு முழுக்கத் தேடிவிட்டு, ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு போனாள். செருப்பு என் அரிசி டிரம்முக்குள், அரிசிக்கு அடியில் இருந்தது. இன்னும் இருக்கிறது. ஒற்றைச் செருப்போடு யாரும் எந்த வேனிலும் ஏறமுடியாது பாருங்கள்.

அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அது எதிர்வீட்டு வாசலில், தீரன் செருப்பின்மேல் ஒன்றும் பூவிழி செருப்புக்கு அடியில் ஒன்றுமாகத் தாறுமாறாகக் கிடக்கிறது. தினமும் காலையில் எட்டிப் பார்க்கிறேன். இன்றைக்கும் அங்கேதான் கிடந்தது.